நெஞ்சுக்கு வந்த பின்பக்கம்

தையல் கடை மேஜையில் பழைய கால்சட்டை ஒன்று கிடந்தது. முப்பது வருடம் ஓர் அதிகாரியோடு நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்தது அது. வேலை தேடிக்கொண்டிருந்த குலசேகரன் அதைச் சந்தையில் வாங்கி, நேர்முகத் தேர்வுக்குக் கையில்லாத கோட்டாகத் தைக்கக் கொடுத்திருந்தான்.

"அண்ணே, கால் துணியை எடுத்துக்குங்க. உட்கார்ற இடத்துல மட்டும் கை வைக்காதீங்க," என்று கெஞ்சியது கால்சட்டை.

"அட போடா! அங்கதான் தேய்ஞ்சு தேய்ஞ்சு பட்டு மாதிரி மினுங்குது. நெஞ்சுல வச்சாத்தான் எடுப்பா இருக்கும்," என்று சொல்லியபடியே கத்தரிக்கோல் வெட்டியது.

"நெஞ்சுலயா? அப்புறம் நான் எப்படி உட்கார்றது?"

"இனிமே நீ கோட்டு. நிக்கப் பழகிக்க."

கோட்டு நின்றது. பேருந்தில் நின்றது, வரிசையில் நின்றது. தேர்வு அறையில் நாற்காலியைப் பார்த்ததும் அதற்குப் பொறுக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் போய் உட்கார்ந்துவிட்டது. குலசேகரன் நாற்காலியில் குப்புறக் கிடந்தான்.

"எழுந்திருப்பா," என்றார் தேர்வு அதிகாரி.

"முடியல சார். கோட்டு விடமாட்டேங்குது."

இரண்டு பியூன்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். நாற்காலியும் கூடவே வந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"வெளியே காத்திருக்கறவங்களை அனுப்பிடுங்க," என்றார். "இந்த வேலைக்கு ஏத்த ஆளு கிடைச்சாச்சு."