மேட்டுக் கொல்லைப் புல்

யுத்தத்தில் பர்மா அரிசி வரத்து நின்றுபோய், ஊரே கூழுக்கு அல்லாடிக்கொண்டிருந்த காலம். பெரியம்மாளோ, வரகு விளைய வேண்டிய தன் மேட்டுக் கொல்லையில் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து வைத்திருந்தாள். ஒருமுறை நட்டால் வருஷா வருஷம் தானே தழைக்கிற புல்.

அதை ஒட்டிய பள்ளக் கொல்லை அய்யாக்கண்ணுவுடையது. அந்தப் பச்சையைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும்.

"மனுசன் பசியில கெடக்கான். இவ மாட்டுக்கு விருந்து வெக்கிறா" என்று வாலிகண்டபுரம் வரைக்கும் சொல்லித் தீர்த்தார்.

புருஷன் போன பிறகு பெரியம்மாளுக்கு இரண்டு கறவை மாடுகள்தான் ஆதரவு. அதெல்லாம் யார் காதில் ஏறியது? தானியம் போடச் சொல்லிச் சர்க்காரே தண்டோரா போடுகிற நேரம். அய்யாக்கண்ணு மணியக்காரரிடம் போய் நியாயம் கேட்டார். அவரும் புல்லை உழுதுவிடச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார்.

பெரியம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. உழ மாடு இல்லை என்று மட்டும் சொன்னாள். அதற்கென்ன, அய்யாக்கண்ணு தன் ஏரையே அனுப்பி வைத்தார். அவ்வளவு நல்ல மனசு! புல் வேரோடு புரண்டு கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

ஐப்பசியில் விடாத அடைமழை. வெறித்ததும் போய்ப் பார்த்தால், மேட்டுச் சரளையும் மண்ணும் வரப்பை உடைத்துக்கொண்டு இறங்கி அய்யாக்கண்ணுவின் வரகைக் கதிரோடு மூடியிருந்தன. வீட்டுக்கு வருஷத்துக் கஞ்சி அதுதான்.

முன்னெல்லாம் மழைக்கு மழை மண் இறங்கும். இந்த இரண்டு வருஷமாக இறங்கவில்லை. தான் உயர்த்திக் கட்டிய வரப்புதான் காப்பாற்றுகிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தார். காப்பாற்றியது எது என்று இப்போது உறைத்தது.

நேரே பெரியம்மாள் வீட்டுக்குப் போனார். தொழுவம் வெறிச்சென்று இருந்தது. தீனி இல்லாமல் மாடுகளை விற்றிருந்தாள்.

"மண்ணு அரிக்காம இருக்கத்தான் புல்லு போட்டியா தங்கச்சி?"

"எங்க மண்ணு போறது போவட்டும், ஒங்க பயிரயும்ல மூடுதுன்னு அவரு சாவுற வரைக்கும் வெசனப்பட்டாருண்ணே. அவரு சொல்லித்தான் போட்டேன்."

"இத ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

பெரியம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உத்தரவு போட்ட மறுநாளே சொல்லத்தாண்ணே வந்தேன். வருசத்து மொத ஏரு, நல்லேர் பூட்டுற நாளும் அதுவுமா தாலியறுத்தவ எதுக்க வரலாமான்னு, நீங்கதான் தெருவுலேயே திருப்பி அனுப்பிட்டீங்க."