தாத்தாவுக்கான கட்டம்

"எங்க வீட்டுக்காரர் ரத்தம் வேண்டாம்மா. என்னோடது எவ்வளவு வேணுமோ உறிஞ்சிக்கோங்க!"

மரபணு ஆலோசகர் சிரித்தாள். ரத்தம் கொடுக்க வந்திருந்த அந்த மாமியாரை விட இருபது வயதாவது இளையவள். "ஒரு ஸ்பூன் போதும்மா."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மகனும் மருமகளும் காத்திருந்தார்கள். பரம்பரை ரத்த நோய்க்கு முதல் குழந்தையை ஒன்றரை வயதில் பறிகொடுத்தவர்கள். இந்த முறை ஆய்வகத்தில் உருவாக்கிய கருக்களைச் சோதித்து, நோயில்லாத ஒன்றைத்தான் வயிற்றில் வைக்கப் போகிறார்கள்.

"அந்த டெஸ்ட் தப்பவே தப்பாதா?"

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். கருவிலேருந்து நாலஞ்சு செல்தான் எடுப்போம். நோய் எந்த வழியா இறங்குதுன்னு பார்க்க, தாத்தா பாட்டி ரத்தத்தோட ஒப்பிடணும். ஒருத்தரோடது இருந்தாலும் சமாளிக்கலாம்."

"ஒப்பிடற ஆளு... தப்பான ஆளா இருந்தா?"

"கணக்கே புரண்டுடும். நோயுள்ள கருவை நல்லதுன்னு சொல்லிடவும் வாய்ப்பிருக்கு."

மாமியார் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். 'எல்லாம் உங்க வம்சத்துக் கோளாறு' என்று மருமகளைக் குத்திக் குத்திப் பேசிய நாக்கு இப்போது ஒரு சாக்குத் தேடியது.

"அவருக்குச் சர்க்கரை வேற. ஊசின்னா பயம். அதனாலதான்..."

"நான் காரணம் கேட்கலையேம்மா."

அந்தக் கனிவில்தான் அவள் உடைந்தாள்.

"ஏழாம் மாசத்துலேயே பிறந்துட்டான்னு ஊரையே நம்ப வெச்சேன். மூணரை கிலோ இருந்தான்! 'என் பையன் அவசரக்காரன், முழுசா வளர்ந்துட்டுச் சீக்கிரமே கிளம்பிட்டான்'னு அவர் இன்னைக்கும் பெருமையடிக்கிறார், பாவம். கல்யாணத்துக்கு முன்னாடி நான்..." கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "முப்பத்திரண்டு வருஷமா அந்த வெள்ளை மனசை ஏமாத்திட்டிருக்கேன். தெரிஞ்சா எந்த முகத்தோட அவர் முன்னாடி நிப்பேன்?"

ஆலோசகர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு குடும்பத்தார் சம்மதப் படிவத்தைத் திருப்பி வைத்தாள்.

"பாட்டின்னு இருக்கிற கட்டத்துல கையெழுத்துப் போடுங்கம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். மேலே இருந்தது தாத்தாவுக்கான கட்டம். அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. போன வாரத் தேதி. அவளுக்கு நன்றாகத் தெரிந்த, வலப்பக்கம் சாய்ந்த அவருடைய எழுத்து.

'என் ரத்தம் இந்தச் சோதனைக்கு உதவாது. காரணத்தைத் தயவுசெய்து என் மனைவியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.'