எழுந்து போகாத மனைவி

பாட்டு தொடங்கி முக்கால் மணி நேரமாயிற்று. இடப்பக்க ஸ்பீக்கர் பலகையின் விளிம்பை ஒட்டிப் போட்ட நாற்காலியை விட்டு ரெத்னிங் அசையவே இல்லை. மடியில் விரித்த துணியில் உருகிய மெழுகால் பத்திக் பூ வரைந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அவர் கணவர் பாக் விர்யாத்மோ மீசையைத் தடவிக்கொண்டார். ஜாவாவின் ஸோலோ நகரத்து ஒலிபெருக்கிச் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பாட்டு ஓடும்போது வீட்டுக்காரம்மா எழுந்து போய்விட்டால் அந்த ஸ்பீக்கர் தோற்றது. போன மாதம் தலைவர் குந்தோரோவின் மனைவி பத்தாவது நிமிடமே சந்தைக்குக் கிளம்பிவிட்டார். இன்று சங்கத்தார் இவர் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். ஜெயித்தால் ஆண்டு விழா மேடையில் விர்யாத்மோவின் ஸ்பீக்கர்தான் பாடும்.

மூன்று தலைமுறையாக அரண்மனையில் கம்லான் வாத்தியம் வாசித்த குடும்பம். அந்தக் காது இவரோடு செத்துப்போனது என்று ஊர் பேசிவிடக் கூடாதே. அதற்காகச் சாப்பாட்டு மேசையின் தேக்குப் பலகையை இரண்டாக அறுத்தார். பாதிக்கு ஓர் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஓர் எட்டங்குல ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரை மாட்டி, நட்டுவைத்தார். அன்றிலிருந்து குடும்பம் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், பின்னால் பெட்டியைக் காணோமே என்று கேட்டுத் தொலைத்தார்.

"சத்தத்தைப் பெட்டியில அடைக்கிறதெல்லாம் கடைக்காரன் வேலை தம்பி," என்றார் விர்யாத்மோ. "இது முன்னால எவ்வளவு பாடுதோ பின்னாலயும் அவ்வளவு பாடும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. ஓரத்துல சந்திச்சா ஒண்ணை ஒண்ணு முழுங்கிடும். அதான் பலகைய இவ்வளவு அகலமா விட்டிருக்கேன்."

பின்னால் பாடுவது உண்மைதான். சமையலறைத் தட்டுகள் தாளம் போட்டன. அதற்கடுத்த அறையில் இருந்த அவருடைய மாமியார் போன வாரமே தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பெரிய இசையை எல்லாக் காதும் தாங்காது என்று விர்யாத்மோ அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அந்த அம்மாள் வேறு குடும்பத்துக் காது.

பாட்டு முடிந்தது. குந்தோரோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"தோல்வியை ஒத்துக்கறேன் பாக். எங்க வீட்டுல எல்லாரும் ஓடிட்டாங்க. உங்க வீட்டம்மா சிலையா உக்காந்திருக்காங்க."

விர்யாத்மோவின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. தானே சொல்லிக்கொள்வது தன் குடும்பத்துக்கு அழகல்ல, அவளையே கேளுங்கள் என்று பெருந்தன்மையாகக் கையைக் காட்டினார். குந்தோரோ திரும்பி, இத்தனை நேரம் கட்டிப்போட்டது எது, குரலா வாத்தியமா என்று மரியாதையாகக் கேட்டார்.

ரெத்னிங் மெழுகுப் பேனாவின் முனையை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"வீடு பூரா உக்காந்து பாத்துட்டேங்க. இது காதுல விழாத இடம் இங்க ஒண்ணுதான்."