நகராத லாரிக்கு ஒரு ஃபில்டர்

"வண்டி மாசத்துக்கு எத்தினி கிலோமீட்டர் ஓடுதும்மா?"

"ஒரு கிலோமீட்டர்கூட ஓடலண்ணா."

கை துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார் மெக்கானிக் தீனதயாளன். செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் முப்பது வருஷமாக லாரி எஞ்சின் பார்க்கிறவர். இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை.

"ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா பைபாஸ் ஃபில்டரு?"

"வண்டிதான் ஓடல, எஞ்சின் ஓடுது. காலைல ரெண்டு மணி நேரம், சாயந்தரம் ரெண்டு மணி நேரம், நின்ன எடத்துலயே."

அவள் பெயர் ஷாரோன். செய்யூர் பக்கம் வீடு. லாரி அவள் பேரில் இருந்தது.

"ஆயில் சீக்கிரமே தார் மாதிரி ஆயிடுது. ரெண்டு மாசம் முன்னாடி எஞ்சின் மூணு நாள் படுத்துக்கிச்சு. இனிமே ஒரு நாள்கூட அப்படி ஆவக் கூடாது."

"ஐடில்ல ஓடிகினே இருந்தா கரி சேரத்தான் செய்யும். வண்டியோட வர்ற ஃபில்டரு பெரிய தூசியத்தான் புடிக்கும். மொத்த ஆயிலும் அது வழியா வேகமா போவணுமே, சன்னமா சலிக்க முடியாது. இந்த பைபாஸ் ஃபில்டரு வேற மாதிரி. கொஞ்சூண்டு ஆயில மட்டும் தனியா இழுத்து, பொறுமையா வடிகட்டி, திரும்ப எஞ்சினுக்கே அனுப்பிடும். கரிகூட தப்பாது."

இரண்டு ஃபில்டர்களை மேஜைமேல் வைத்தார். ஷாரோன் பளபளவென்றிருந்ததைக் கையில் எடுத்தாள்.

"அது நல்ல சரக்குதான். உள்ள கிர்ருனு சுத்தி கரிய ஓரமா ஒதுக்கும். ஆனா சுத்தறதுக்கு ஆயில் பிரஷர் வேணும். ஐடில்ல அவ்ளோ பிரஷர் வராது. உனக்கு இதான் சரி. உள்ள பேப்பர் இறுக்கமா சுத்திகீது, சும்மா நின்னாலும் வடிகட்டும்."

"அப்ப இதையே போடுங்க. ஆனா வீட்டுக்கு வந்துதான் மாட்டணும். நாளைக்குப் பத்து மணிக்கு மேல வாங்க. நாலு மணிக்கு டிரைவர் வந்துடுவாரு, அதுக்குள்ள முடிச்சிடணும்."

"நிக்கிற வண்டிக்கு டிரைவரா?"

"ஆமாண்ணா. கொஞ்சம் கறாரான ஆளு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் பைக்கில் போகும் வழியெல்லாம் தீனதயாளனுக்கு மண்டை குடைந்தது. இறால் பண்ணைக்குக் கரண்ட் எடுக்கிறார்களோ? தண்ணீர் இறைக்கவா? சினிமா ஷூட்டிங்குக்கா?

சவுக்குத் தோப்பை ஒட்டி லாரி நின்றது. ஒயர் இல்லை, மோட்டார் இல்லை. பின்சக்கரங்களும் இல்லை, அச்சு கருங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. கீழே குனிந்து பார்த்தார். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டையும் கழற்றியிருந்தார்கள். கியர் போட்டாலும் இந்த வண்டி ஓர் அங்குலம் நகராது. ஆனால் முன்கண்ணாடி மட்டும் அன்றைக்குத்தான் ஷோரூமிலிருந்து வந்ததுபோல் துடைத்திருந்தது.

ஃபில்டரை சேசிஸ் சட்டத்தில் நேராக நிறுத்தி போல்ட் போட்டார். ஆயில் பிரஷர் காட்டும் ஸ்விட்சைக் கழற்றி, அங்கே ஒரு டீ-ஜாயின்ட் வைத்தார்.

"டாஷ்போர்டுல லைட்டு பழையபடி எரியும்ல?" ஷாரோன் பதற்றமாகக் கேட்டாள். "சின்னதா ஏதாச்சும் மாறியிருந்தாக்கூட டிரைவருக்குக் கோவம் வந்துடும்."

"அதுக்குத்தான் இந்த டீ-ஜாயின்ட்டு. ஒரு பக்கம் ஸ்விட்ச், ஒரு பக்கம் ஃபில்டரு. ஏம்மா, அந்தாளு இவ்ளோ பேஜாரு பண்றாருன்னா ஆள மாத்திட வேண்டியதுதானே?"

"மாத்த முடியாதுண்ணா."

"எஞ்சின் படுத்தப்ப இன்னா பண்ணாரு?"

"ரெண்டு நாள் கத்தினாரு. மூணாவது நாள் யார்கிட்டயும் சொல்லாம நடந்தே கிளம்பிட்டாரு. மதுராந்தகம் தாண்டி ஹைவேல கண்டுபுடிச்சோம். காலெல்லாம் கொப்புளம்."

"வேலைல அவ்ளோ வெறியா!"

ஷாரோன் ரப்பர் ஹோஸைப் பிடித்துக் கொடுத்தாள். வடிகட்டிய ஆயில் திரும்புவதற்கு, ஆயில் ஊற்றும் மூடியில் துளை போட்டு அந்த ஹோஸை இணைத்தார் தீனதயாளன். புது ஃபில்டர் குடிக்கும் அளவுக்கு ஒரு லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றி, ஸ்டார்ட் செய்தார். எங்கேயும் கசிவில்லை.

"கைய வெச்சுப் பாரும்மா."

ஷாரோன் ஃபில்டரைத் தொட்டாள். மெல்ல மெல்லச் சூடு ஏறியது.

"ஆயில் உள்ள போவுதுன்னு அர்த்தம். இனிமே எஞ்சின் சீக்கிரத்துல மக்கர் பண்ணாது."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு ஃபில்டருக்கா?

எஞ்சினை அணைத்து, சாமான்களைப் பையில் போட்டு முடிக்கும்போது சரியாக நாலு மணி. காக்கிச் சட்டையும் தோளில் துண்டுமாக எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் விறுவிறுவென்று வந்தார். லாரியை ஒரு சுற்று சுற்றினார். முன்டயரைத் தட்டிப் பார்த்தார். ஷாரோனுக்கு முன்னால் வந்து நின்று, நெற்றியில் கை வைத்து சலாம் போட்டார்.

"ஓனரம்மா, இன்னிக்கு லோடு எங்க?"

"நெல்லூருக்கு, சின்னராசு அண்ணே. பாத்து நிதானமா போங்க."

"பொழுது விடியறதுக்குள்ள சேர்த்துடறேம்மா."

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஹாரன் அடித்தார். கியர் போட்டு, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, எதிரே இருந்த சவுக்கு மரங்களையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தீனதயாளன் தாங்க முடியாமல் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, வண்டி கல்லு மேல நிக்கிறதுகூடவா அந்தாளுக்குத் தெரியல?"

"எங்கப்பாவுக்கு நான் யாருன்னே தெரியலண்ணா" என்றாள் ஷாரோன். "இந்த வண்டி ஒண்ணுதான் இன்னும் தெரியுது."