வலப்பக்கத்து நாற்காலி

“தண்ணி வேணுமாம்மா?” என்று கேட்டது, கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அக்காதான்.

அம்மா வலப்பக்கம் திரும்பி, அங்கே இருந்த இளையவளைப் பார்த்து, “குடும்மா” என்றாள்.

கையிலெடுத்த தம்ளரை அக்கா டொக்கென்று மேஜையில் வைத்தாள்.

பக்கவாதம் வந்து இது மூன்றாம் நாள். குளியலறை வாசலில் சரிந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்தவள் அக்கா. காரில் போட்டுக்கொண்டு பறந்து வந்தவளும் அவள்தான். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது, அதைக் கரைக்கும் ஊசிக்கு இன்னும் நேரம் தப்பவில்லை என்று டாக்டர் சொல்லும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரி விமானத்தில் வந்து இறங்கிய இளையவள் வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிலிருந்து அம்மாவின் கண் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

அக்கா ஸ்பூனை நீட்டினால் வாய் திறக்காது. இளையவள் நீட்டினால் திறக்கும்.

பேச்சு குழறவில்லை. நினைவு தவறவில்லை. பேரன் பேத்திகளின் பெயரெல்லாம் வரிசையாகச் சொன்னாள். மூத்த மகள் மட்டும் கண்ணில் படவே இல்லை.

கூடவே கிடந்து உழைத்தவள் கறிவேப்பிலை, விருந்தாளியாக வந்தவள் மகாராணி என்று உள்ளுக்குள் பொருமினாள் அக்கா.

இளையவள் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் டாக்டரம்மா வந்தார். அம்மாவின் இடது கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டி, “இது யாரோட கை?” என்றார்.

“உங்க கைதான்” என்றாள் அம்மா, துளியும் சந்தேகமில்லாமல்.

அக்கா திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“மூளையில வலது பக்கம் அடிபட்டிருக்கு. இவங்களப் பொறுத்தவரைக்கும் இடப்பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல. அங்கேருந்து கூப்பிட்டாக்கூட வலப்பக்கம்தான் திரும்புவாங்க. பேச்சு தெளிவா இருக்கறதால, ஏதோ கோவம்னு வீட்டுல நெனச்சுக்குவாங்க. நேத்தே உங்க தங்கச்சிகிட்ட விளக்கமாச் சொன்னேனே?”

டாக்டர் போனதும் அக்கா கட்டிலைச் சுற்றி வந்து தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “அடிப்பாவி, இத்தனை நாளா எங்கடி போயிருந்த?”



மருந்துப் பையோடு இடப்பக்கக் கதவருகில் வந்து நின்றாள் இளையவள்.

“உனக்குத் தெரியும், இல்ல?” என்றாள் அக்கா.

“தெரியும்.” இளையவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “இத்தனை வருஷமா அம்மா உன்னையேதானக்கா பாத்துக்கிட்டிருந்தா. எனக்கு ரெண்டு நாளாவது கிடைக்கட்டுமேன்னு இருந்துட்டேன்.”

மருந்துப் பையை வைத்துவிட்டு இளையவள் இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அம்மா அக்காவின் விரல்களைப் பற்றிக்கொண்டு கேட்டாள். “சின்னவ எங்கடி? சொல்லாமக்கொள்ளாம ஊருக்குப் போயிட்டாளா?”

தங்கை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். எழுந்து அவளுக்கு இடம் விட்டால் போதும்.

“மருந்து வாங்கப் போயிருக்காம்மா” என்றாள் அக்கா. “வர நேரமாகும்.”

அம்மா அறியாத அந்த இடது கையை இளையவள் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.