குறையாத ஓமோன்

2003இல், நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் அங்கம்மாவின் கறவைப் பசு, பால்குடிக் கன்றை விட்டுவிட்டு, சரிவில் விழுந்து செத்தது. கால்நடை மருத்துவர் தர்மினி அதன் மூளையில் ஒரு துண்டை ஆய்வுக்காகப் பதுளையிலுள்ள ஆய்வுகூடத்துக்கு எடுத்துவந்தார்.

திசுவை அரைத்து, மடியிலிருந்து பாலை இறக்கும் ஓமோனை அதில் கலந்தார். மூளையிலுள்ள நொதியங்கள் அந்த ஓமோனைச் சீக்கிரமே துண்டு துண்டாக வெட்டிவிடும். முன்பு சோதித்த மற்றப் பசுக்களின் திசு இருந்த சோதனைக் குழாய்களில் அப்படித்தான் நடந்தது. இந்தக் குழாயில் மட்டும் ஓமோன் குறையவில்லை. மறுநாள் அளந்தபோது கூடியிருந்தது.

தன் வேலையில் தர்மினிக்குச் சந்தேகமே வந்ததில்லை. கருவியும் சரியாகவே இருந்தது. பசுவைப் பற்றி விசாரிக்க மறுபடி தோட்டத்துக்குப் போனார்.

“கண்டுக்குட்டிக்கு இப்ப என்ன குடுக்கிறீங்கள், அம்மா?”

“புட்டிப்பால தொடவே மாட்டேங்குதுங்க, டாக்டர். ஆனா நல்லாத்தான் இருக்கு. வந்து பாருங்க.”

கன்று கொழுகொழுவென்று இருந்தது. கொட்டகையில் வேறு மாடு இல்லை. அது தலையைத் தூக்கி, வெறுங்காற்றை முட்டி முட்டிச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் கடைவாயில் வெள்ளையாக நுரை வழிந்தது. தர்மினி விரலால் தொட்டுப் பார்த்தார். பால். அப்போதுதான் கறந்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.