மாற்ற வந்த மைக்

"இந்த மைக் வேணாங்க. வேற மாத்திக் குடுங்க."

கண்ணாடி மேஜை மேல் பெட்டியைப் பட்டென்று வைத்தாள் அவள். மருத்துவமனையில் பில் போடும் வேலை அவளுக்கு. காலையிலிருந்து "அடுத்து யாரு, அடுத்து யாரு" என்று கத்திவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். நிற்கக்கூடத் தெம்பில்லை.

இசைக்கருவிக் கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "வாங்கி நாலு நாள்தானே ஆச்சு? ஏதாவது ரிப்பேரா?"

"மைக்குக்கு ஒண்ணும் இல்ல. வாங்கினவருக்குத்தான் விவரம் இல்ல. என் வீட்டுக்காரர். கதவு, ஜன்னல் செய்யற பட்டறையில வேலை. அவருக்குப் பாட்டும் ஒண்ணுதான், மரம் அறுக்கற சத்தமும் ஒண்ணுதான்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. நின்று நின்று அவருக்கும் கால் கடுத்தது. ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்கம்மா. என்ன குறைன்னு சொல்லுங்க."

சொன்னாள். குழந்தைகள் பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்குப் புதுக்குரல் தேடுகிறார்கள். வீட்டிலேயே நாலு பாட்டுப் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். இத்தனை வருஷத்தில் அவள் குரலைக் கேட்கிறேன் என்று ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை.

"லேப்டாப்புல அப்படியே பாடினா கிணத்துக்குள்ளேருந்து பாடற மாதிரி இருக்கு. கண்டன்ஸர் மைக் வாங்குங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஊசி விழுந்தாக்கூட அதுல கேக்குமாமே! இவர் என்னடான்னா இதைத் தூக்கிட்டு வந்து நிக்கறார். வாயை ஒட்ட வெச்சுப் பாடினாத்தான் இதுல பதிவாகுது. கொஞ்சம் தள்ளி நின்னா அவ்வளவுதான், நான் ஊமை."

"வீட்டுல பாடறதுக்கு இதுவும் நல்ல மைக்தாம்மா. பாடவும் ஆகும், கிடார் வாசிக்கவும் ஆகும். கீழ போட்டாக்கூட உடையாது."

"விலையும் குறைச்சல். அதைச் சொல்லுங்க முதல்ல."

"அட, இல்லம்மா. நீங்க கேக்கறதும் இதே விலைதான்."

அவள் கொஞ்சம் தடுமாறினாள். கஞ்சன் கஞ்சன் என்று நாலு நாளாக மனதுக்குள் திட்டியதெல்லாம் வீண். ஆனால் வேறு காரணம் கைவசம் இருந்தது.

"விலையை விடுங்க. மனுஷனுக்கு அக்கறைன்னு ஒண்ணு வேணாமா? பாடறதுக்கு நான் லேப்டாப்பைத் திறந்தாப் போதும், செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். பொண்டாட்டி பாட்டு அவ்வளவு கசக்குது."

மைக் வாங்கி வந்த அன்று மட்டும் அவர் அதிசயமாக நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்ததை அவள் சொல்லவில்லை. இரண்டே வரி பாடிவிட்டு, "உங்களை அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று மைக்கைப் பெட்டியில் போட்டு மூடியதையும் சொல்லவில்லை. அதெல்லாம் வீட்டுச் சமாச்சாரம்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"அவர் விவரம் தெரியாம வாங்கலம்மா. ரெண்டு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்துல வந்து என் உயிரை எடுத்துட்டார். நாலு மைக்குலயும் என்னைப் பாட வெச்சார். எனக்குப் பாட வராதுன்னு சொன்னா விட்டாத்தானே! நான் பாடப் பாட அவர் பின்னாடி நின்னு இருமறார். அஞ்சடி தள்ளி ஒரு தடவை, பத்தடி தள்ளி ஒரு தடவை. அப்புறம் ரெண்டு பேரும் ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேப்போம். கடைக்கு வந்தவங்க எல்லாம் எங்களை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க."

"இருமினாரா? எதுக்கு?"

"மரத்தூளால வந்த இருமலாமே. அடக்கவே முடியாதாம். ஒரு தடவை நீங்க பாடறப்ப இருமி, பாட்டே கெட்டுப்போச்சாம். அதுலேருந்து நீங்க பாட ஆரம்பிச்சா மாடிப்படியில போய் உட்கார்ந்துக்குவாராம்."

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. அன்று ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். "இந்த வீட்டுல நிம்மதியா ஒரு பாட்டுப் பாட முடியுதா?" என்று கத்தினாள். வேலை அசதியில் வந்த வார்த்தை. மறுநாளே அவள் மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை போலிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க கேக்கற கண்டன்ஸரையும் போட்டுப் பார்த்தோம்மா. அதுல என் பாட்டைவிட அவர் இருமல்தான் கணீர்னு இருந்தது. இந்த ஒரு மைக்லதான் இருமல் விழல. உடனே இதையே குடுங்கன்னுட்டார்."

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். "சரி, உங்க இஷ்டம். மாத்திடலாமா?"

அவள் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

"அவர்தான் வெளிய போயிடறாரே. அப்புறம் மைக்ல இருமல் விழுந்தா என்ன, விழாட்டி என்ன?"

"நானும் இதையேதாம்மா கேட்டேன். 'இருமல் விழாதுன்னா நானும் உள்ளயே உட்கார்ந்து அவ பாட்டைக் கேக்கலாமே'ன்னு சொல்லிட்டு, ஒரே சந்தோஷமா வாங்கிட்டுப் போனார்."

பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிச் சாதாரணமாக விசாரித்தார் கடைக்காரர்.

"கேட்டாராம்மா?"